நீலாவதியின் இருபதடிப் பள்ளம்

பூங்கா திறந்த முதல் வாரத்தில், காலையில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வட்டமாக நடப்பவர்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்றே நீலாவதி நினைத்தாள். மூன்றாம் நாள் மனம் கேட்காமல் ஒருவரை நிறுத்தி, "இன்னா சார் தேடறீங்க, சொன்னா நானும் பாப்பேன் இல்ல" என்று கேட்டாள். அவர் காதிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, சர்க்கரையைக் குறைப்பதற்காக நடப்பதாகச் சொன்னார். எங்கே போக என்று கேட்டாள். எங்கேயும் இல்லை என்றார். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பெரிய மனிதர்களுக்கு வரும் நோயெல்லாம் தனி தினுசு என்று விட்டுவிட்டாள்.

நீலாவதி பிறந்தது மலைமேல் நெல்லிவாசல்நாட்டில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் உள்ளே. அங்கே நடை என்றால் ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோரிடத்துக்குப் போய்ச் சேருவது. ரேஷன் அரிசிக்கு நடந்தாள், புளி விற்க நடந்தாள், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோது, ஜீப் வராத ஒரு நாளில், வயிற்றில் பிள்ளையோடும் நடந்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். ஆறாம் வகுப்பு இரண்டு மலை தள்ளி இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஜமுனாமரத்தூரில் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியேறினாள். புருஷன் கோவிந்தன் போர் போடும் லாரியில் வேலைக்குப் போய்விட்டான். வருஷத்தில் பத்து மாதம் ஆந்திராவிலோ மகாராஷ்டிராவிலோ ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் தேடிக்கொண்டிருப்பான். அவன் அங்கே தேடிக்கொண்டிருந்த ஒரு நவம்பர் மாதத்தில்தான் தண்ணீர் தானாகவே அவன் வீட்டுக்குள் வந்தது.

ஊரின் தலைமாட்டில் ஓடை வளைகிறது. மலையில் கனத்த மழை பெய்தால் ஓடைக்கு வளைய நேரமிருக்காது. நேராகச் சந்துக்குள் நுழைந்து, ஒன்பது வீடுகளைப் பார்த்துவிட்டு, கடைத்தெரு வழியாக இறங்கிப் போகும். அன்று மத்தியானம் நீலாவதி கட்டிலின் மேல் ஏறி நின்றாள். கட்டிலில் ஏற்கனவே பக்கத்து வீட்டு ஆடு ஒன்று இருந்தது. எப்படி வந்தது என்று அதுவும் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் வடிந்தபோது மிக்சி, மெத்தை, மகளின் சான்றிதழ்கள், இரண்டு மூட்டை சாமை எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன.

அடுத்த வருஷம் சிவசங்கரி என்கிற இன்ஜினியர் வந்தார். ஓடை வளைவை ஒட்டி, லாரிகள் நிற்பதும் குப்பை கொட்டுவதுமாகக் கிடந்த புறம்போக்கை அளந்தார். நூறு நாள் வேலைக்காரர்களை வைத்து அந்த நிலத்தை ஆறடி ஆழத்துக்கு அகழ்ந்தார். வெட்டிய மண்ணை நாலு பக்கமும் கரையாகப் போட்டு, கரை மேல் நடைபாதை அமைத்தார். கீழே புல்தரை, ஊஞ்சல், சறுக்குமரம், வாயைத் திறந்து குப்பை வாங்கும் சிமெண்டுக் கரடி. மண் வெட்டியவர்களில் நீலாவதியும் ஒருத்தி. குளம் வெட்டுகிறோம் என்று நினைத்துத்தான் எல்லாரும் வெட்டினார்கள். ஊஞ்சல் வந்து இறங்கிய அன்றைக்குக் குழப்பம் வந்தது.

"ஏம்மா, குளத்துல இன்னாத்துக்கு ஊஞ்சல்?" என்று நீலாவதி கேட்டாள்.

"தண்ணி வந்தா குளம். வராத நாளெல்லாம் பூங்கா" என்றார் சிவசங்கரி. ஓடைப் பக்கத்துக் கரையில் ஒரே ஓர் இடத்தில், இருபதடி நீளத்துக்கு, நடைபாதையை இரண்டடி தாழ்த்திக் கல் பாவியிருந்தார். அதைக் காட்டினார். "ஓடை நெறைஞ்சா தண்ணி இந்தப் பள்ளத்து வழியா உள்ள எறங்கும். உங்க சந்துக்குப் போகாது. இங்கயே நின்னு, அந்த மூலையில இருக்கிற குழாய் வழியா ரெண்டு நாள்ல மெதுவா வடிஞ்சிடும். இந்த இருபதடி மட்டும் மேடாயிடக் கூடாதுங்க. இது மேடாச்சின்னா நாம வெட்டுனதெல்லாம் வீண்."

வயல் வரப்பில் மடை எங்கே இருக்க வேண்டும் என்பது நீலாவதிக்குத் தெரியும். ஊஞ்சலை மறந்துவிட்டுப் பார்த்தால் இது பெரிய வரப்பு, அது மடை. அவ்வளவுதான். பூங்காவைப் பெருக்கவும் பார்த்துக்கொள்ளவும் ஆள் தேடியபோது, வடிகுழாயின் கம்பிவலையை வாரம் ஒருமுறை அரிவாளால் சுரண்டிச் சுத்தம் செய்ய ஒப்புக்கொண்டது அவள் ஒருத்திதான். வேலை கிடைத்தது. வாசலில் பலகை வைத்தார்கள். பூப்பறிக்கக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது என்று வரிசையாகப் போய், பதினோராவது வரியில் மழைக்காலத்தில் பூங்காவுக்குள் வெள்ளநீர் நிறுத்தப்படும் என்று இருந்தது. மனிதர்கள் எச்சில் வரைக்கும்தான் படித்தார்கள். பிறகு அந்த வரியின் மேல் யாரோ ஒருவரின் பிறந்தநாள் போஸ்டர் ஏறியது.

இரண்டு வருஷம் பெரிய மழை இல்லை. இரண்டு வருஷம் என்பது எதையும் மறக்கப் போதுமான காலம்.

இந்த இடைவெளியில் நடப்பவர்கள் பெருகினார்கள். நான்கு பேர் சேர்ந்து நடந்தால் சங்கம் வைப்பது நம் வழக்கம். காலை நடையாளர் நலச் சங்கம் உருவானது. தலைவர் பஞ்சாட்சரம். மலையடிவார ஊர்க்காரர். கடைத்தெருவில் ஹார்ட்வேர்ஸ் வைத்திருந்தார், சிமெண்டு, கம்பி, நடைபாதைக் கல் எல்லாம் உண்டு. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் முட்டி வலி இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முட்டி அவரிடம் ஏதோ சொல்லும். பத்துச் சுற்று நடப்பவரிடம் பத்து முறை சொல்லும். ஒரு நாள் அவர் நின்று அந்த இருபதடியை நீளவாட்டில் பார்த்து, தீர்ப்புச் சொன்னார்.

"லெவல் பாக்கத் தெரியாம கட்டிட்டாங்க."

"அது தண்ணி வர்ற வழிங்க சார்" என்றாள் நீலாவதி.

"பார்க்குக்குள்ள தண்ணி வந்தா அதுக்குப் பேரு பார்க்கா? வெளிய போறதுக்கு வழி வெப்பாங்க, உள்ள வர்றதுக்கு எவனாவது வெப்பானா? நீ பெருக்கற வேலையப் பாரும்மா."

பள்ளத்தை மண் கொட்டி நிரவி, மேலே சங்கத்தின் செலவில் கல் பதிக்க அனுமதி கேட்டு ஊராட்சி அலுவலகத்துக்கு மனுப் போனது. பதில் வரவில்லை. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அனுபவசாலிகளின் பழக்கம். டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை வேலை என்று முடிவானது. தன் பெயர் பொறித்த ஓராள் உயரக் கருங்கல் ஒன்றையும் பஞ்சாட்சரம் செதுக்கக் கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை நீலாவதி சிவசங்கரிக்குப் போன் செய்தாள். அவர் கடலோரத்தில் ஏதோ ஓர் ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

"யாரையும் தொட விடாதீங்கக்கா" என்றார். "நான் மேல எழுதி லெட்டர் அனுப்ப வெக்கறேன். பத்து நாள் ஆகும். பத்து நாள் தாக்குப் பிடிங்க."

பத்து நாள். ஒப்பந்தக் கூலிக்குப் பெருக்கும் ஒருத்தி, சங்கத் தலைவரைப் பத்து நாள் தடுக்க வேண்டும். வானத்தைப் பார்த்தாள். வடகிழக்கில் மேகம் இன்னும் கணக்குத் தீர்க்கவில்லை. பள்ளம் மூடிய பிறகு ஒரு மழை வந்தால் போதும், மறுபடியும் கட்டில், மறுபடியும் அந்த ஆடு.

அன்று மத்தியானமே ஜீப் பிடித்து ஊருக்குப் போனாள். அண்ணன் ராஜவேலு சந்தைக்குப் போயிருந்தார். அண்ணியிடம் சொல்லிவிட்டு, குடும்பப் பொதுநிலத்தில் தன் பங்காக வந்திருந்த மூன்று மூட்டை சாமையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அந்த வருஷம் முழுக்க அவள் வீட்டில் பொங்க வேண்டிய சோறு அது. ஞாயிற்றுக்கிழமை சூரியன் கிளம்பும் நேரத்தில் மூன்று மூட்டையையும் பள்ளத்தின் நடுவில் கொட்டிக் குவித்தாள். குவியலைச் சுற்றிச் சாம்பலால் கோடு போட்டாள். சாம்பலில் கையைத் தோய்த்துக் குவியலின் மேல் மூன்று இடத்தில் பதித்தாள். மேலே தார்ப்பாயைப் போர்த்தி, ஓரத்தைத் தூக்கிக் கைத்தடம் தெரியும்படி வைத்தாள்.

மலையில் பிறந்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. களத்தில் தூற்றிக் குவித்த தானியத்துக்குச் சாம்பல் முத்திரை வைத்துவிட்டால், அதற்கு உரியவர் வந்து முதல் படியை அளந்து சாமிக்கு எடுத்து வைக்கும் வரைக்கும் வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். கோட்டுக்குள் செருப்புக்காலும் படாது. திருடன்கூடப் பக்கத்துக் களத்துக்குத்தான் போவான்.

ஏழு மணிக்கு மண் ஏற்றிய டிப்பர் வந்தது. பின்னாலேயே கொத்தனார் தனசேகரன் நாலு ஆட்களோடு வந்தான். ஐந்து பேரும் மலைக்காரர்கள். பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் ஐந்து பேரும் செருப்பைக் கழற்றினார்கள்.

"யக்கா, இது யாரோட சாமை?" என்றான் தனசேகரன்.

என்னுடையது என்றால் எடு என்பார்கள். அதனால் நீலாவதி, "எங்க அண்ணனோடது. காயப் போட எடமில்லன்னு இங்க கொட்டினாரு. அவரு வந்துதான் அளக்கணும்" என்றாள்.

தனசேகரன் தலையாட்டிவிட்டு டிப்பர் டிரைவரைப் பார்த்து, வண்டியை ஓரங்கட்டச் சொன்னான். பஞ்சாட்சரம் வந்தபோது ஆட்கள் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாய்யா வேடிக்கை? அத்த அள்ளி அந்தாண்ட போடுங்க."

"சாம்பல் வெச்சிருக்குதுங்க" என்றான் தனசேகரன்.

"சாம்பல் வெச்சா? நான் அள்றேன் பாரு" என்று பஞ்சாட்சரம் இறங்கினார். நாலடி போனார். குனிந்தார். மூன்று கைத்தடங்களையும் பார்த்தார். ஹார்ட்வேர்ஸ் வைத்திருந்தாலும் அவரும் களத்துமேட்டில் வளர்ந்தவர்தான். நீட்டிய கை சட்டைப் பைக்குள் போய்ப் போனை எடுத்தது.

"உங்க அண்ணன் நம்பர் சொல்லு."

"அங்க டவர் இல்லீங்க சார்."

"எப்ப வருவாரு?"

"கால்ல முள்ளு ஏறிகிச்சி. நடக்க ஆரம்பிச்சதும் வருவாரு."

அன்றிலிருந்து பூங்காவில் விசித்திரமான காட்சி ஒன்று நடந்தது. நடையாளர்கள் ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்துக்கு வந்ததும் நின்று, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்து, சாம்பல் கோட்டுக்கு வெளியே ஓரமாகக் காலை வைத்து வெறுங்காலோடு கடந்து, மறுபடியும் ஷூவை மாட்டிக்கொண்டார்கள். பத்துச் சுற்று நடந்தவர்கள் நாலோடு நிறுத்தினார்கள். பஞ்சாட்சரத்தின் முட்டிக்கு இப்போது குனிந்து நிமிர்கிற வேலையும் சேர்ந்தது.

திங்கட்கிழமை அண்ணனுக்கு முள் ஆறவில்லை. செவ்வாய்க்கிழமை அவருடைய மாடு கன்று போட்டது. புதன்கிழமை பங்காளி வீட்டில் சாவு என்று நீலாவதி சொன்னபோது, பக்கத்துக் குக்கிராமத்துக்காரனான தனசேகரன் பீடியை வாயிலிருந்து எடுத்தான்.

"யாருக்கா செத்தது? நான் நேத்துதான் அந்தப் பக்கமா வந்தேன். மேளச் சத்தமே இல்லியே."

"சின்ன சாவுதான்" என்றாள் நீலாவதி.

தனசேகரன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பள்ளத்தைப் பார்த்தான், ஓடையைப் பார்த்தான். பத்து வருஷமாகக் கட்டடம் கட்டுகிறவன். பீடியை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேற்கு முகடு காணாமல் போனது. மேகம் கறுத்து மலைமேல் உட்கார்ந்திருந்தது. பஞ்சாட்சரம் கடையை விட்டு ஓடி வந்தார். டிப்பரும் ஆட்களும் ஆறாவது நாளாக நின்றிருந்தார்கள்.

"ஏம்மா நீலாவதி, உங்க அண்ணன் சாமை நனைஞ்சிடும். பாவம் இல்லியா? நம்ம ஆளுங்க அள்ளி உன் வூட்டுல கொட்டிடட்டும். நீயே ஒரு படி எடுத்து சாமிக்கு வெச்சிடு. அதுக்குள்ள மண்ணைக் கொட்டி மிதிச்சிடலாம், மழைத்தண்ணி உள்ள எறங்காம பார்க்காவது தப்பிக்கும்."

அவர் நல்லதாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். ஒரு வார்த்தை போதும். இது என் சாமைதான், நான் கை வைக்கிறேன் என்றால் மூன்று மூட்டையும் கால் மணி நேரத்தில் வீட்டுக்குள் போய்விடும். அடுத்த கால் மணி நேரத்தில் டிப்பர் பின்னால் தூக்கும். அதற்குப் பிறகு சாமை எந்த வீட்டுக்குள் இருக்கிறதோ அந்த வீட்டுக்கே ஓடை வரும்.

"அண்ணன் வரணுங்க" என்றாள்.

அந்த நேரத்தில்தான் போளூர் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து மஞ்சள் பையோடு ராஜவேலு இறங்கினார். முள் இல்லாத காலால் விறுவிறுவென்று நடந்து பூங்காவுக்குள் வந்தார்.

"இன்னா நீலா, ஊர்ல ஆளாளுக்கு என் காலைப் பாக்கறானுங்க" என்றார். "பஸ்ல ஒருத்தன் என்கிட்டயே துக்கம் விசாரிக்கறான்."

பஞ்சாட்சரத்தின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "வாங்க, வாங்க. உங்களத்தான் ஆறு நாளா தேடறோம். உங்க சாமைக்கு வந்து கை வைங்க, மழை வருது."

"என் சாமையா?"

ராஜவேலு பள்ளத்தருகே போனார். தார்ப்பாய் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். சாம்பலில் இருந்தது சின்னக் கை. சுண்டுவிரல் வளைந்த கை. சிறுவயதில் அந்த விரலை உலக்கைக்குக் கீழே விட்டது யார் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் உலக்கையைப் பிடித்திருந்தது அவர். தங்கையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் ஓடையைப் பார்த்தார். தண்ணீர் கலங்கத் தொடங்கியிருந்தது.

"ஆமாங்க. என்துதான்" என்றார். "ஆனா இன்னிக்கி வெள்ளிக்கிழமை ஆச்சிங்களே."

"ஆனா இன்னா?"

"வெள்ளிக்கிழமை களத்தை விட்டு தானியம் வெளிய போவாதுங்க. நீங்க வியாபாரம் பண்றவரு, உங்களுக்குத் தெரியாததா? நாளைக்கி காலையில அளந்துக்கலாம்."

தனசேகரன், "அது வாஸ்தவம்" என்றான். மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். டிப்பர் டிரைவரும் ஆட்டினான், அவன் மலைக்காரன்கூட இல்லை, செய்யாறு பக்கம். வெள்ளிக்கிழமை கடையிலிருந்து ஓர் ஆணியைக்கூடச் சும்மா எடுத்துக் கொடுக்காத பஞ்சாட்சரமும் தலையாட்ட வேண்டியிருந்தது. முதல் துளி அவருடைய வழுக்கையில் விழுந்தது.

மழை ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் மலைமுழுக்கப் பெய்தது. எல்லாரும் டிக்கெட் இல்லாத டிக்கெட் கூண்டின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள். ஓடை செம்மண் நிறத்தில் உயர்ந்து, வளைவில் முட்டி, நின்று யோசித்த மாதிரி ஒரு கணம் சுழன்றது. பிறகு பள்ளத்தைக் கண்டுபிடித்தது. சாம்பல் கோடு முதலில் போனது. தார்ப்பாய் எழுந்து, ஒருபக்கமாகச் சாய்ந்து, ஊஞ்சலில் போய்ச் சிக்கிக்கொண்டது. குவியல் அடியிலிருந்து கரைந்து உட்கார்ந்தது. மூன்று மூட்டைச் சாமை, ஒரு வருஷத்துச் சோறு, மஞ்சள் வரியாகத் தண்ணீரோடு பூங்காவுக்குள் இறங்குவதை நீலாவதி கண் எடுக்காமல் பார்த்தாள். சறுக்குமரத்தின் பாதி மறைந்தது. சிமெண்டுக் கரடி கழுத்தளவு தண்ணீரில் வாயைத் திறந்து நின்றது.

பஞ்சாட்சரம் கரை மேல் போய் நனைந்தபடியே சந்துப் பக்கம் பார்த்தார். சந்தில் மழைத்தண்ணீர் மட்டும் ஓடியது. கடைத்தெருவில் அவருடைய கடையின் ஷட்டருக்கு முன்னால் நாய் ஒன்று காய்ந்த இடத்தில் படுத்திருந்தது. திரும்பி வந்தார்.

"இந்தப் பள்ளத்துல மண்ணு கொட்டியிருந்தா?" என்றார்.

"உங்க கடையாண்ட வந்திருக்கும் சார்" என்றாள் நீலாவதி. "மேடு பள்ளம் இல்லாத ரோடு. முட்டி வலிக்காம நடந்து போய்ப் பாத்திருக்கலாம்."

ராஜவேலு தங்கையைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார். பொய் சொன்னதற்கு ஒரு திட்டு, தன் காலில் முள் ஏற்றியதற்கு ஒரு திட்டு, இல்லாத பங்காளியைக் கொன்றதற்குத் தனியாக ஒன்று. "சாமிக்கு முதல் படி எடுக்கலியே, அதுக்கு இன்னா சொல்ற?"

"மொத்தத்தையும் சாமியே எடுத்துகிச்சிண்ணா. நான் இன்னா பண்ண?"

அடுத்த வாரம் அவர் தன் பங்கிலிருந்து ஒரு மூட்டையை ஜீப்பில் போட்டு அனுப்பினார். மீதி நாளுக்கு ரேஷன் அரிசிதான். அவள் அதைப்பற்றிப் பேசியதில்லை. வீடு காய்ந்திருந்தது. ஆடு தன் வீட்டில் இருந்தது.

தண்ணீர் இரண்டு நாளில் குழாய் வழியாக வடிந்தது. பதினோராம் நாள் கடிதம் வந்தது. மேற்படி தாழ்பகுதியை எக்காரணம் கொண்டும் உயர்த்தக் கூடாது என்று நாலு பத்தியில் சொன்னது. நீலாவதி அதைப் பலகையின் பிறந்தநாள் போஸ்டர் மேல் ஒட்டினாள்.

ஜனவரியில் பூங்காவின் தரை முழுக்க வண்டல்மேல் பச்சை விரித்தது. ஒரே சீரான, மெல்லிய பச்சை. நடையாளர்கள் நின்று நின்று போட்டோ எடுத்தார்கள். பஞ்சாட்சரம் அவளைக் கூப்பிட்டார். இப்போதெல்லாம் அவர் பள்ளத்தில் இறங்கும்போது கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். கம்பி அவரே போட்டது.

"இன்னாம்மா புல்லு இது? ஆபீஸ்ல போட்டாங்களா? ஊட்டியில இருக்கிற மாதிரி கீது."

"எங்க அண்ணனோடதுங்க."

அவருக்குப் புரிய இரண்டு சுற்று ஆனது. மூன்றாவது சுற்றில் அவர் புல்தரை ஓரத்தில் ஷூவைக் கழற்றியதை நீலாவதி பார்த்தாள். பார்க்காத மாதிரி துடைப்பத்தைத் தட்டினாள். கதிர் மெலிவாகத்தான் வந்தது. ஒன்றரைப் படி தேறியது. அதில் முதல் படி சாமிக்குப் போனது.

செதுக்கி முடித்த கருங்கல் வீணாகக் கிடந்தது. தனசேகரன் அதைப் பள்ளத்தின் ஓரமாக, கரையின் அடியில், ஓடையைப் பார்த்து நட்டான். அடியில் 'ஹார்ட்வேர்ஸ்', அதற்கு மேல் 'பஞ்சாட்சரம்', உச்சியில் 'உபயம்'. பஞ்சாட்சரமே வந்து நூல் பிடித்து நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். அது நீலாவதிக்கு அளவுகோல் ஆகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

போன ஆடி மாதம் முதல் பெருமழையின்போது சிவசங்கரி கவலைப்பட்டுப் போன் செய்தார். நீலாவதி கரை மேல் குடையோடு நின்றிருந்தாள்.

"தண்ணி எவ்ளோ தூரம் ஏறியிருக்குக்கா?"

"ஹார்ட்வேர்ஸ் முழுகிடுச்சிங்க" என்றாள் நீலாவதி. "பஞ்சாட்சரம் சாரு கழுத்து வரைக்கும் கீது. உபயத்துக்கு வந்தா சந்துல சொல்லிடறேன்."